அனானிக்கு (பேரு போடாம எழுதறவருக்கு) பூட்டுப் போட்டா சண்டை நின்னுருமா? கம்பம் – குமுளி பக்கம் மன்றம் நடத்துறவங்க வாங்க

#1 லோயர்கேம்ப்_லோகு (மட்டுறுத்துநர்)

வணக்கம் மக்களே. கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம்னு மலைக்கு மேலயும் கீழயும் இருக்கிற தமிழ் ஆளுங்க பேசுற இடம் இது. ஏலக்கா விலை, தோட்ட ஜீப், எஸ்டேட் சம்பளம், பள்ளிக்கூடம் பத்தின இழையெல்லாம் ஒழுங்கா ஓடுது. முல்லைப் பெரியாறு அணை இழை திறந்தா மட்டும் அரை மணி நேரத்துல பூட்ட வேண்டியதா இருக்கு. "எல்லாரும் நிஜப்பெயர், போன் நம்பர் போடணும்னு சட்டம் போடு, அடங்கிருவாங்க"ன்னு ஒரு தரப்பு சொல்லுது. "அப்படிப் போட்டா எஸ்டேட்காரங்க ஒருத்தர் வாயத் திறக்க மாட்டாங்க"ன்னு இன்னொரு தரப்பு.

முடிவு எடுக்கறதுக்கு முன்னால விஷயம் தெரிஞ்சவங்க எழுதுங்க. கருத்து மட்டும் போதாது, எப்படிச் செய்றதுன்னும் வேணும்.

#2 ஏலக்கா_ஏலம்

இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆதார் வாங்கிட்டு உள்ள விடுங்க. பேரு வெளிய தெரிஞ்சா எவனும் வாய்க்கு வந்ததப் பேச மாட்டான்.

#3 மேகமலை_டீச்சர்

ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயர், குடும்பப் படம், பணிபுரியும் இடம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அதே கணக்கிலிருந்து வசைபாடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் நம்பரே தெரிகிறது. அங்கே சண்டை இல்லையா? பெயரை மட்டும் பிடித்துத் தொங்கினால் பாதிதான் புரியும்.

இணையத்தில் மனிதர்கள் ஏன் கட்டு அவிழ்ந்து பேசுகிறார்கள் என்பதற்கு உளவியலாளர் ஜான் சூலர் 2004-ல் ஆறு காரணங்களைப் பிரித்துச் சொன்னார். பெயர் தெரியாமை அதில் ஒன்று. எதிராளி நம்மைப் பார்க்காமல் இருப்பது, பதில் உடனே வராமல் இருப்பது, எழுத்தை நம் மனக்குரலிலேயே வாசித்துக்கொள்வது, 'இது ஏதோ விளையாட்டு உலகம்' என்ற நினைப்பு, பெரியவர் சின்னவர் வித்தியாசம் அழிந்துபோவது ஆகியவை மற்ற ஐந்து. இந்த அவிழ்தலுக்கு இரண்டு முகம் உண்டென்றும் அவர் சொன்னார். வசை ஒரு முகம். நேரில் சொல்லக் கூசும் துன்பத்தைத் திறந்து சொல்வதும், முன்பின் தெரியாதவருக்கு உதவுவதும் இன்னொரு முகம். பூட்டுப் போட்டால் இரண்டும் சேர்ந்துதான் நிற்கும்.

2012-ல் இஸ்ரேலில் லாபிடோட்-லெஃப்லர், பராக் இருவரும் பெயர் தெரியாமை, உருவம் தெரியாமை, கண்ணோடு கண் பார்க்காமை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். வசவுக்கு அதிகம் இடம் கொடுத்தது கண் பார்க்காமைதான். பெயரைப் போட வைப்பதால் கண் வந்துவிடாது.

#4 சுருளிப்பட்டி_திராட்சை

டீச்சர், முகமூடி போட்டா மனுசன் மிருகமாயிடுவான்னு பழைய சோதனை ஒண்ணு சொல்வாங்களே, ஷாக் குடுக்கறது? அது பொய்யா?

#5 மேகமலை_டீச்சர்

பொய் இல்லை. 1969-ல் ஸிம்பார்டோ வெளியிட்டது. தலையை மூடும் அங்கி போட்டு, பெயரும் சொல்லாத கல்லூரிப் பெண்கள், பெயர்ப் பட்டை அணிந்தவர்களைவிட அதிக நேரம் ஷாக் கொடுத்ததாக வந்தது (ஷாக் நிஜமில்லை, எதிரே இருந்தவர் நடித்தார்). 1976-ல் டீனர் குழு ஹாலோவீன் இரவில் மிட்டாய்க் கிண்ணத்தை வைத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தது. பெயர் கேட்கப்படாத, கூட்டமாக வந்த குழந்தைகளே அதிகம் எடுத்தார்கள். இங்கே 'கூட்டமாக' என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1995-ல் ரைஷர், ஸ்பியர்ஸ், போஸ்ட்மெஸ் மூவரும் இதைத் திருப்பிப் போட்டார்கள். பெயர் மறையும்போது மனிதன் கட்டுப்பாடே இல்லாதவன் ஆகிவிடுவதில்லை. தனி ஆள் என்ற உணர்வு மங்கி, 'நான் எந்தக் கூட்டம்' என்பது மேலே வருகிறது. அந்தக் கூட்டத்தின் வழக்கம் எதுவோ அதைத்தான் இன்னும் இறுக்கமாகப் பின்பற்றுகிறான். ஏலக்காய் நோய் பற்றிய இழையில் அதே அனானிகள் மருந்து அளவு சொல்லிக் கொடுக்கிறார்கள், அணை இழையில் அதே அனானிகள் பல்லைக் கடிக்கிறார்கள். ஆளும் மாறவில்லை, முகமூடியும் மாறவில்லை. அங்கே 'விவசாயி' என்ற அடையாளம் தூக்கலாக நிற்கிறது, இங்கே 'தமிழன், மலையாளி'. லோகு, அணை இழையில் பெயருக்குக் கீழே மாநிலம் காட்டும் பட்டை ஓடுகிறதே, அதை யார் வைத்தது?

#6 லோயர்கேம்ப்_லோகு (மட்டுறுத்துநர்)

மென்பொருளோட வந்தது டீச்சர். 'ஊர்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல போட்டது பெயருக்குக் கீழ தெரியும். பாதிப் பேர் கொடிப் படமும் வச்சிருக்காங்க.

#7 மேகமலை_டீச்சர்

அணை இழையில் மட்டுமாவது இரண்டையும் மறையுங்கள். பெயரை மறைத்து, கூட்டத்தை மட்டும் பளிச்சென்று காட்டுவது இருப்பதிலேயே மோசமான சேர்க்கை.

#8 சட்டப்புள்ளி

ஆதார் கேட்கச் சொன்ன ஐயாவுக்கு: 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில், தனியார் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் அங்கீகாரம் கேட்பதற்கு வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57-வது பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து நடத்தும் மன்றம் ஆதார் நகலை வாங்கிச் சேர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

நிஜப்பெயர்ச் சட்டத்தை ஒரு நாடே போட்டுப் பார்த்தது. தென் கொரியாவில் 2007-ல் பெரிய தளங்களில் எழுதுவதற்கு அடையாள எண்ணைச் சரிபார்ப்பது கட்டாயமானது. முதலில் தினசரி 3 லட்சம் பேர் வரும் தளங்களுக்கு, 2009-ல் 1 லட்சம் பேர் வரும் தளங்களுக்கு. பெயர் வெளியே தெரிய வேண்டியதில்லை, தளத்துக்குத் தெரிந்தால் போதும். வசவு குறைந்ததா என்றால், குறைந்த அளவு சொற்பம். அடையாள எண்கள் ஒரே இடத்தில் குவிந்ததுதான் மிச்சம். 2011-ல் அங்கே இரண்டு பெரிய தளங்களிலிருந்து ஏறக்குறைய 3.5 கோடிப் பேரின் விவரம் திருடு போனது. 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது.

தனியார் நிறுவனங்களும் சூடு கண்டிருக்கின்றன. கூகுளின் சமூகத் தளமாக இருந்த கூகுள் பிளஸ் 2011-ல் நிஜப்பெயர் என்று பிடிவாதமாக நின்றது, 2014-ல் கைவிட்டது. விளையாட்டு நிறுவனமான பிளிஸார்ட் 2010 ஜூலையில் தன் மன்றங்களில் நிஜப்பெயர் வரும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது.

#9 ஏலக்கா_ஏலம்

சரி, கொரியா கதை வேற. பேரு போட்டா கொஞ்சமாவது மரியாதை வரும்ல?

#10 மேகமலை_டீச்சர்

ஜெர்மனியில் ஒரு மனுத் தளத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளை ரோஸ்ட், ஸ்டாஹெல், ஃப்ரை மூவரும் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். சொந்தப் பெயரில் எழுதியவர்களிடம்தான் வன்மம் கூடுதலாக இருந்தது. தான் நியாயத்துக்காகத் திட்டுவதாக நினைப்பவருக்குப் பெயர் தெரிவதில் லாபம் உண்டு, கூட்டம் கைதட்டும். 'நம்ம ஊருக்காகக் குரல் கொடுத்தான்' என்ற பெயர் எல்லைப் பக்கத்தில் சும்மா வருமா? அணை விஷயத்தில் நிஜப்பெயர் கேட்டால் அது நடிப்பு மேடை ஆகிவிடும்.

#11 பெரியாறு_தேவி

எல்லாரும் திட்டுறவங்களப் பத்தியே பேசுறீங்க. பெயரில்லாம பேசியாக வேண்டியவங்க யாருன்னும் பாருங்க அண்ணன்மாரே. கூலிப் பிடித்தம், சூப்பர்வைசர் தொல்லை, லயத்துல (எஸ்டேட் வரிசை வீட்டுல) தண்ணி வராதது, பிஎஃப் கட்டாம விடுறது, இதெல்லாம் சொல்றவங்களுக்கு வீடே எஸ்டேட்டோடது. வேலை போனா லயமும் போகும். அந்த ஆளுகிட்ட "பேரு போடு"ன்னா, "பேசாத"ன்னு சொல்றதுதான்.

ஆனா பேரை எடுத்துட்டா மட்டும் மறைஞ்சிருவாங்கன்னு நினைக்காதீங்க. "எங்க டிவிஷன்ல கொழுந்து எடை போடுற இடத்துல இருக்கேன், மூணு வருஷத்துக்கு முன்னால கூடலூர்ல இருந்து கல்யாணமாகி வந்தேன்"னு ஒரு வரி போதும். டிவிஷன், வேலை, வந்த வருஷம், சொந்த ஊர். நாலும் சேர்ந்தா எஸ்டேட்ல ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சும். அமெரிக்காவுல பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூணையும் வச்சே 87 சதவீதம் பேரத் தனியாப் பிரிச்சிரலாம்னு லடான்யா ஸ்வீனி கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அது அத்தனை பெரிய நாடு. நம்ம டிவிஷன்ல எத்தனை பேரு?

அதனால எழுதற பெட்டிக்கு மேலயே வைங்க: எஸ்டேட், டிவிஷன், வேலை, வயசு, வந்த வருஷம், குடும்பம், இதுல ரெண்டுக்கு மேல சொல்லாதீங்க. தேதிக்குப் பதிலா "போன மழைக்காலம்" போதும். மஸ்டர் (வருகைப் பதிவு) சீட்டு, சம்பளச் சீட்டப் படம் புடிச்சுப் போட்டா மூலையில டோக்கன் நம்பர் இருக்கும், வெட்டணும். மேல பூசுனா பத்தாது. பேனாக் கறுப்புல பூசின எழுத்து போன்ல வெளிச்சத்தக் கூட்டுனா தெரிஞ்சிரும்.

#12 சுருளிப்பட்டி_திராட்சை

2015-ல மூணாறுல தமிழ்ப் பொம்பளைங்க போனஸ் 20 சதவீதம் வேணும்னு ரோட்டுல உக்காந்தாங்க. முகத்த மறைச்சா போராடினாங்க தேவியக்கா?

#13 பெரியாறு_தேவி

இல்ல. ஆயிரக்கணக்கான பேர் ஒண்ணா உக்காந்தாங்க, அதான் முகத்தக் காட்ட முடிஞ்சது. ஒருத்தி தனியா ராத்திரி பத்து மணிக்கு இங்க வந்து எழுதறப்ப அந்தக் கூட்டம் பக்கத்துல இருக்காது. ஆரம்பத்துல பேரில்லாம பேசி, நமக்கு மட்டும் இல்ல இந்தப் பிடித்தம்னு தெரிஞ்ச பிறகுதான் பேரோட பேசத் தைரியம் வரும்.

#14 சர்வர்_சாமி

அனானி, நிஜப்பெயர்னு ரெண்டே கதவா வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீங்க. நடுவுல புனைபெயர் இருக்கு, அதுதான் வேலை செய்யும். ஆனா புனைபெயருக்கு ஒரு விலை வேணும். ஃப்ரீட்மன், ரெஸ்னிக் ரெண்டு பேரும் 2001-லயே கணக்கு போட்டுச் சொன்னது: பெயர் மலிவாக் கிடைச்சா, கெட்ட பேர் வாங்கினவன் அதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வருவான். அதனால புதுசா வர்ற எல்லாரையும் சந்தேகத்தோடதான் நடத்த வேண்டி வரும், நல்லவனும் அந்தக் கூலியைக் கட்டணும். ஆக, ஆள் யாருன்னு தெரிய வேண்டாம், நேத்து பேசின அதே ஆள்தான் இன்னைக்கும் பேசுறார்னு தெரிஞ்சா போதும்.

செய்முறை சொல்றேன்.

பதிவு பண்றப்ப ஓடிபி மட்டும். நம்பர சேமிக்காதீங்க. ஹேஷ் பண்ணி, அதாவது நம்பரத் திரும்ப எடுக்க முடியாத குறியீடா மாத்தி வச்சிட்டா போதும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, அதுதான் பொறி. இந்திய மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9-ல தொடங்கும். ஆக மொத்தமே 400 கோடி வாய்ப்பு. நல்ல கேமிங் கார்டு ஒண்ணு இருந்தா வெறும் ஷா-256ங்கிற சாதாரண முறையில ஹேஷ் அத்தனையும் போட்டுப் பார்க்க நிமிஷக் கணக்கு கூட ஆகாது. டேட்டாபேஸ் ஒருத்தன் கையில சிக்கினா எல்லா நம்பரும் சிக்கின மாதிரி. அதனால ஹெச்மேக், அதாவது ரகசியச் சாவி சேர்த்த ஹேஷ் போடணும். அந்தச் சாவி டேட்டாபேஸ் இருக்கிற மெஷின்ல இருக்கக் கூடாது, பேக்கப்லயும் போகக் கூடாது. சாவி தொலைஞ்சா எல்லாரும் மறுபடி ஓடிபி போடணும், அந்தத் தொல்லைய ஏத்துக்கிடலாம்.

ஒரு நம்பருக்கு ஒரு கணக்குன்னு விதி வைக்காதீங்க. லயத்துல ஒரு போன வீடே பகிர்ந்துக்கும். ஒரு நம்பருக்கு மூணு வரைக்கும் விடலாம். அம்மாவோட கணக்குல மகன் போய் சண்டை போட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. தடை விதிக்கறப்ப அந்தக் கணக்குக்கு மட்டும் விதிங்க, நம்பருக்கு விதிக்காதீங்க. மூணும் தப்புப் பண்ணினா அப்பப் பார்க்கலாம்.

ஐபி தடை, அதாவது இணைய முகவரிய வச்சுத் தடுக்கறது, நம்ம பக்கம் அறவே வேண்டாம். மொபைல் நெட்ல ஒரே ஐபிவி4 முகவரிய நூத்துக்கணக்கான பேர் பகிர்றாங்க. ஒரு ஆளத் தடுக்கப் போய் குமுளி பஸ் ஸ்டாண்டையே தடுத்த கதையாயிடும். நம்பர் எந்த மாநிலம்னு பார்த்தும் ஆள அளக்க முடியாது. 2015-ல இருந்து நாடு முழுக்க நம்பர மாத்தாம தொலைபேசி வட்டம் (மாநிலம்) மாறலாம்.

படம் ஏத்தினா, படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற எக்ஸிஃப் தகவல சர்வரே கழட்டிரணும். போன்ல லொகேஷன் போட்டு எடுத்த படத்துல அட்சரேகை, தீர்க்கரேகை ஏழெட்டு மீட்டர் துல்லியத்துல உக்காந்திருக்கும். எஸ்டேட் பகுதியில நேரத்த மணி, நிமிஷமாக் காட்டாதீங்க, "இன்று", "நேற்று" போதும். ஷிப்டு முடியற நேரத்த வச்சே ஆளப் புடிச்சிருவாங்க.

#15 கம்பம்_மெட்டு

சாமி, நம்ம பேச்சே காட்டிக் கொடுத்துருமே? தேவியக்கா எழுதறத வாசிச்சா பெரியாறு தமிழ்னு பத்து வரியில தெரியுது.

#16 சர்வர்_சாமி

தெரியும். 2012-ல நாராயணன் குழு 1 லட்சம் வலைப்பூவ எடுத்து, எழுத்து நடைய மட்டும் வச்சு எழுதினவர் யாருன்னு மெஷினக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. அஞ்சுல ஒண்ணுக்கு மேல சரியாச் சொல்லிருச்சு. ஆனா அதுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஆளோட பழைய எழுத்து வேணும். அதனால எஸ்டேட் பகுதியில இழைக்கு இழை தனிப் பேரு கொடுக்கணும், பழைய பதிவோட ஒட்டக் கூடாது. 'பலா', 'ஈட்டி', 'கொன்றை'ன்னு மென்பொருளே மரத்துப் பேரு போட்டு விட்டுரும். ஒரே இழைக்குள்ள அதே ஆளுக்கு அதே மரம், அடுத்த இழையில வேற மரம். கொச்சைய அந்தப் பகுதியில விட்டுட்டு பாடப்புத்தகத் தமிழ்ல எழுதுங்கன்னும் சொல்லலாம், ஆனா யாரும் கேட்க மாட்டாங்க.

#17 துணிஞ்சவன்152

இந்த பதிவு நீக்கப்பட்டது. காரணம்: மாநிலத்தைச் சொல்லி ஒட்டுமொத்த வசவு (விதி 2). அணையின் நீர்மட்டம் பற்றிய பகுதி சரியானதே, அதை மட்டும் மறுபடி எழுதலாம். – லோகு

#18 ஏலக்கா_ஏலம்

பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன்.

#19 துணிஞ்சவன்152

சரி அண்ணே, திட்டினத விட்டுட்டு எழுதறேன். அணையோட முழு நீர்மட்டம் 152 அடி. 1979-ல 136-க்கு இறக்கினாங்க. 2006-ல 142-க்கு உச்ச நீதிமன்றம் அனுமதிச்சது, அதுக்கப்புறம் கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது, 2014 மே 7 தீர்ப்புல அந்தச் சட்டம் செல்லாதுன்னு வந்து 142 உறுதியாச்சு. இத எழுதினாலே அந்தப் பக்கத்து ஆளுங்க "நாங்க சாகணுமா"ன்னு வர்றாங்க, கோவம் வராதா?

#20 பெரியாறு_தேவி

தம்பி, வல்லக்கடவுல குடியிருக்கிறவங்க மழை பெய்யுற ராத்திரி தூக்கம் வராம கேக்கிற கேள்வி அது. உங்க பக்கம் தண்ணி வரலைன்னா கம்பம் பள்ளத்தாக்குல நெல்லே இல்ல. ரெண்டும் நிஜம். இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா சத்தம் கம்மியாத்தான் இருக்கு. சத்தமெல்லாம் ரெண்டு இடத்துலயும் இல்லாதவங்களோடது.

#21 மேகமலை_டீச்சர்

லோகு இப்போது செய்ததைக் கவனியுங்கள். நீக்கினார், காரணத்தைப் பொதுவில் எழுதினார், எந்தப் பகுதி சரி என்றும் சொன்னார். ரெடிட் என்ற மன்றத் தளத்தில் ஜாவேர் குழு 2019-ல் பார்த்ததும் இதுதான். நீக்கியதற்குக் காரணம் சொல்லப்பட்டவர்களின் அடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைகிறது. சத்தமில்லாமல் நீக்கினால் 'அமுக்கிட்டாங்க' என்று வேறு பெயரில் வருவார்கள்.

இன்னொன்று, 'பிடிக்கவில்லை' பொத்தான் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2014-ல் செங் குழு நான்கு செய்தித் தளங்களின் கருத்துப் பகுதிகளைப் பார்த்தது. எதிர்வாக்கு வாங்கியவர் அடங்குவதில்லை, இன்னும் அதிகமாக எழுதுகிறார், தரமும் இறங்குகிறது, மற்றவர்களுக்கு அவரும் எதிர்வாக்குப் போடத் தொடங்குகிறார். அதே குழு 2017-ல் காட்டியது இன்னும் முக்கியம்: மனநிலை கெட்டிருந்து, இழையின் முதல் சில பதிவுகளும் வம்பாக இருந்தால், சாதாரண ஆளும் வம்பு செய்கிறார். பிறவி வம்பர்கள் என்று தனியாக ஒரு இனம் இருப்பதாக நினைத்து ஆள் தேடுவது வீண்வேலை. இழையின் முதல் ஐந்து பதிவுகளைக் காவல் காத்தால் பாதி வேலை முடிந்தது.

#22 சர்வர்_சாமி

டீச்சர் சொன்ன முதல் அஞ்சு பதிவ நடைமுறையில இப்படிப் பண்ணலாம். அணை இழைய மட்டுறுத்துநர்தான் திறக்கணும். முதல் பதிவுல அன்னைக்கு நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூணும், கீழ விதி நாலு வரி. விதிய மேல ஒட்டி வச்சா வேலை செய்யுமான்னு ரெடிட்டோட அறிவியல் பகுதியில மத்தியாஸ் சோதிச்சு 2019-ல எழுதினாரு: புதுசா வர்றவங்க விதிக்கு உட்பட்டு எழுதறது 8 சதவீதப் புள்ளி கூடுச்சு, புதுசா வந்து எழுதறவங்க எண்ணிக்கையும் கூடுச்சு. காசில்லாத வைத்தியம்.

அப்புறம் வேகத்தடை. டிஸ்கோர்ஸ்ங்கிற மன்ற மென்பொருள்ல இழைக்கு இழை மெதுவா ஓட விடற அமைப்பு இருக்கு. அணைக்கு ஒரு ஆளுக்கு 15 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வைங்க. 5 நிமிஷம் பத்தாது, கோவம் ஆறாது. ஒரு மணி நேரம் வச்சா ஆளே வர மாட்டாங்க. புதுக் கணக்கு நேரா அணை இழைக்குள்ள வரக் கூடாது. டிஸ்கோர்ஸ்ல உறுப்பினர் நம்பிக்கைப் படியில முதல் படி ஏற இயல்பா இருக்கிற அளவு 5 இழை திறந்து, 30 பதிவு படிச்சு, மொத்தம் 10 நிமிஷம் வாசிச்சிருக்கணும். அணைக்கு அதுக்கு அடுத்த படிய வைங்க: 15 நாள் வந்துபோயிருக்கணும், 20 இழை, 100 பதிவு, 60 நிமிஷம். சும்மா சண்டைக்கு வர்றவன் 15 நாள் ஏலக்கா அழுகல் நோயப் பத்தி வாசிச்சிட்டு இருக்க மாட்டான். அப்படி இருந்தா அவன் நம்ம ஆளாயிட்டான்.

#23 கம்பம்_மெட்டு

போலிக்கு என்ன பண்றது? பழைய வலைப்பூ காலத்துல அனானியவிட போலிதான் தலைவலி. பின்னூட்டத்துல யார் பேர வேணும்னாலும் அடிச்சுட்டுப் போகலாம். "பேர் மேல எலிக்குட்டிய (மவுஸ) வச்சு, கீழ வர்ற ப்ரொஃபைல் நம்பரப் பாருங்க"ன்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்து மாதிரி போட்டு வைப்பாங்க.

#24 சர்வர்_சாமி

தமிழ் எழுத்துல போலி பண்றது ரொம்ப சுலபம், வெளிநாட்டு மென்பொருள் இதக் கவனிக்காது. ௧ங்கிற தமிழ் எண் ஒண்ணும், க எழுத்தும் திரையில ஒரே மாதிரி. ௧ம்பம்_மெட்டுன்னு ஒருத்தன் பதிஞ்சா உங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரியுதா? ௨ – உ, ௭ – எ, ௮ – அ எல்லாம் அதே கதை. ஒத்தைக் கால் ா-வும் ர-வும் பல எழுத்துருவுல ஒண்ணாத்தான் தெரியும். ஔ-வ ஒ, ள-ன்னு ரெண்டா அடிச்சாலும் கண்டுபிடிக்க முடியாது. கொ-வ ஒரே குறியாவும் அடிக்கலாம், ெ-யும் ா-வும் தனித்தனியாவும் அடிக்கலாம். இந்தக் கடைசி ஒண்ண மட்டும் யூனிகோட் என்எஃப்சி சீராக்கம் (ஒரே எழுத்தோட பல வடிவத்த ஒண்ணாக்கற விதி) ஒண்ணாக்கிரும், மத்தத ஆக்காது.

அதனால பேரு பதியறப்ப மூணு வேலை: என்எஃப்சி போடு, கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாத இணைப்புக் குறிகளத் தூக்கு, தமிழ் எண்களத் தடை பண்ணு. அப்புறம் ா-வ ர-வாவும், ஔ-வ ஒள-வாவும் மாத்தி ஒரு எலும்புக்கூட்டுப் பேர உள்ளுக்குள்ள வச்சுக்கணும். அந்த எலும்புக்கூடு ஏற்கெனவே இருந்தா பதிவு கிடையாது. பேரு மாத்தறது ஆறு மாசத்துக்கு ஒரு தரம், பழைய பேரு 90 நாள் பக்கத்துல தெரியணும்.

#25 சட்டப்புள்ளி

சட்டப் பக்கம் இரண்டு விஷயம் மட்டும். பெயரில்லாமல் எழுதுவது குற்றம் இல்லை. ஆனால் பெயரை மறைத்து மிரட்டினால் தண்டனை கூடுதல்: பாரதிய நியாய சன்ஹிதா 351-ன் 4-வது உட்பிரிவு, மிரட்டலுக்கான தண்டனையோடு 2 வருடம் வரை சேர்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 507. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மிரட்டினால் எந்த ஸ்டேஷன் என்று அலைய வேண்டாம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது.

'மனம் புண்படும்படி எழுதினான்' என்பதற்காக மட்டும் உள்ளே தள்ள முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ 2015 மார்ச் 24-ல் ரத்தானது. அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)-யும் போனது. 2020 நவம்பரில் கேரளம் 118ஏ என்று ஒன்றை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, எதிர்ப்பு வலுத்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஆக, 'போலீஸில் சொல்லிருவேன்' என்று மட்டுறுத்துநர் சும்மா சும்மா எழுத வேண்டாம்.

சாமிக்கு ஒரு எச்சரிக்கை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி சர்வர் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எதையும் சேமிக்க மாட்டோம் என்று உறுப்பினர்களிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். நீதிமன்றமோ போலீஸோ முறையாகக் கேட்டால் இருப்பதைக் கொடுத்தாக வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

#26 பெரியாறு_தேவி

இதக் கொட்டை எழுத்துல போடுங்க. "நூறு சதவீதம் ரகசியம்"னு நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதவிட, இவ்வளவுதான் மறைக்க முடியும்னு சொல்லிட்டா அவங்களே அளந்து பேசுவாங்க. மரத்துப் பேருக்குப் பின்னால யாருன்னு மட்டுறுத்துநர்களுக்கும் தெரியக் கூடாது. நம்ம ஊர்ல மட்டுறுத்துநருக்கும் மாமன் மச்சான் எஸ்டேட்ல இருப்பாங்க.

#27 சர்வர்_சாமி

தெரியாமலே தடை பண்ணலாம் தேவி. 'கொன்றை' தப்பாப் பேசினா அந்த இழையில கொன்றைய நிறுத்துற பொத்தான் மட்டும் மட்டுறுத்துநருக்கு. பின்னால எந்தக் கணக்குன்னு மென்பொருள் தானே பார்த்து எண்ணிக்கை கூட்டும், மூணு ஆனா எஸ்டேட் பகுதியே அந்தக் கணக்குக்கு ஒரு மாசம் மூடிரும். கணக்கத் திறந்து பார்க்கற சாவிய ரெண்டாப் பிரிச்சு, மலைக்கு மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்கிட்ட வைங்க. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் திறக்கும்.

#28 லோயர்கேம்ப்_லோகு (மட்டுறுத்துநர்)

சரி மக்களே, இந்த வாரம் செய்யப்போறது: பொதுப் பகுதி எல்லாம் புனைபெயர், ஓடிபி, ஹெச்மேக். எஸ்டேட் பகுதி மரப்பேர், நேரம் காட்டாது, எக்ஸிஃப் கழட்டும், தேவியக்கா சொன்ன ரெண்டு விவர விதி பெட்டிக்கு மேல. அணை இழை மட்டுறுத்துநர் திறந்து, இரண்டாம் படி ஆளுக்கு மட்டும், 15 நிமிஷம், ஊர்ப் பட்டையும் கொடியும் கிடையாது. எதிர்வாக்குப் பொத்தான் எல்லா இடத்துலயும் போகுது. அணை இழைக்குக் குமுளிப் பக்கம் இருந்து ஒரு மட்டுறுத்துநர் வேணும், மலையாளமும் வாசிக்கத் தெரியணும்.

#29 துணிஞ்சவன்152

என் பேருல 152 இருக்கே, அதுவும் கொடி மாதிரித்தான? மாத்தணுமா?

#30 லோயர்கேம்ப்_லோகு (மட்டுறுத்துநர்)

நம்பரத் தூக்கிட்டுத் துணிஞ்சவன்னு வச்சுக்க தம்பி. அந்தப் பக்கம் 'டீகமிஷன்' (அணைய மூடுங்க)னு பேரு வச்சவருக்கும் இதேதான் சொல்லியிருக்கேன். பழைய பேரு 90 நாள் பக்கத்துல தெரியும், அதுக்குள்ள அணை இழைக்கு வராத.

#31 ஏலக்கா_ஏலம்

ஓடிபி ஏலப்பாறைப் பக்கம் சிக்னல் இல்லாம வராது. குரல் அழைப்புலயும் நம்பர் சொல்ற மாதிரி வைங்க சாமி. செலவு கூடுனா நான் பாதி தரேன்.